பழனியம்மா லோயர்மேல் கொடுத்த முறைப்பாடு

பழனியம்மாவுக்கு வயது ஐம்பத்தாறு. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து, இன்றைக்கு வெள்ளவத்தையில் நாலு ஃபிளாட்டுகளில் கூட்டித் துடைத்துச் சமைக்கிறார். அதில் ஒன்று என்னுடையது. வத்தளையில் ஒரு துண்டுக் காணி வாங்கி இரண்டறை வீடும் கட்டிவிட்டார். பஸ் கண்டக்டர் முதல் நான் வரை எல்லோரும் அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறோம்.

குறை ஒன்றே ஒன்றுதான். அந்தக் காணியின் உறுதிப் பத்திரம் அவர் கையில் இல்லை. பதிந்து தருகிறேன் என்று வைத்துக்கொண்ட லோயர் கதிர்காமநாதன் மூன்று வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. உறுதியைக் காட்டாமல் தண்ணீர் லைன் எடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக் குழாயில் வாளி பிடித்து, அந்த வீட்டுக்காரியின் முகம் எப்போது கோணும் என்று பார்த்துக்கொண்டே சீவிக்க வேண்டும். கேட்கப் போனால், "அடுத்த கிழமை வாங்கோ" என்பாராம் லோயர். அப்படி நூற்றைம்பது கிழமை போய்விட்டது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "முறைப்பாடு குடுப்பம்" என்றேன்.

"கோர்ட்டுக்குப் போகணுங்களா, மிஸ்?"

"இப்ப தேவையில்லை. சத்தியக்கடதாசி ஒண்டு எழுதி சட்டத்தரணிகள் சங்கத்துக்கு அனுப்புவம். நீங்கள் முறைப்பாட்டாளர், அவர் எதிராளி. முதல்ல அவரிட்ட எழுத்தில விளக்கம் கேப்பினம். அது சரியில்லையெண்டா விசாரணைக்குழு ரெண்டு பேரையும் கூப்பிடும். பிழை பெரிசெண்டாத்தான் உயர் நீதிமன்றம். அங்க நீதியரசர்மார் அவரைக் கொஞ்சக் காலம் தொழில் செய்ய விடாம நிப்பாட்டலாம். பதிவேட்டில இருந்து பேரையே வெட்டலாம்."

"பேர வெட்டுறதெல்லாம் வேணாங்க. அவருக்கும் புள்ள குட்டி இருக்கு. என் உறுதி வந்தா போதும்."

எழுதி, வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். "ஒரு லோயரிட்ட, இல்லாட்டி சமாதான நீதவானிட்டக் கொண்டுபோங்கோ. அவருக்கு முன்னால நீங்கள் சைன் வைக்க, அவரும் சைன் வைச்சு சீல் அடிப்பார்" என்று அனுப்பினேன்.

மறுநாள் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து நீட்டினார். சீலைப் பார்த்தேன். கதிர்காமநாதன்.

"பழனியம்மா, ஆர்மேல முறைப்பாடு? ஆரிட்ட சைன் வாங்கினீங்கள்?"

"எனக்குத் தெரிஞ்ச லோயர் அவரு ஒருத்தருதானேங்க. சல்லியும் வாங்க மாட்டாரு."

"வாசிச்சுப் பாக்கேல்லையா அவர்?"

"எங்கிங்க வாசிச்சாரு? பத்துப் பேரு வரிசையில நின்னோம். பேனா மட்டும் ஓடுச்சு."

திருடன் கையில் சாவியைக் கொடுப்பது பழைய கதை. இங்கே தன்மேல் வந்த முறைப்பாட்டுக்குத் திருடனே சீல் அடித்திருக்கிறான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. ஆனால் அந்தக் கடதாசி செல்லாது. புதிதாக ஒன்று அடித்து, மாளிகாவத்தையில் சமாதான நீதவானாக இருக்கும் மஷூரிடம் அனுப்பினேன். அவர் முழுவதையும் வாசித்து, "இப்படியும் ஒரு மனிசனா?" என்று கேட்டுவிட்டுத்தான் சைன் வைத்தாராம்.

அதற்குப் பிறகு பழனியம்மா எனக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். பழைய கடதாசியை எடுத்துக்கொண்டு நேரே கதிர்காமநாதனிடம் போய், "ஐயா, நீங்க போட்ட சைன் இதுக்குச் செல்லாதாம். வேற ஆளுகிட்ட வாங்கிட்டேன். முகத்துக்கு நேரா சொல்லாம இருக்கக் கூடாதுல்ல" என்றிருக்கிறார். லோயர் அப்போதுதான் அதை வாசித்தார். மூன்று வருடமாகக் கிடைக்காத உறுதி பத்து நிமிடத்தில் அலமாரியிலிருந்து வெளியே வந்தது.

உறுதியை நெஞ்சோடு அணைத்தபடி என் வாசலில் வந்து நின்று அழுதார். நானும் அழுதேன். பிறகு, அலுவல் முடிந்ததென்று முறைப்பாட்டைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அனுப்புங்க, மிஸ். உறுதி கெடச்சிருச்சுன்னும் எழுதிருங்க. பொய் சொல்லக் கூடாது."

ஏன் என்று கேட்பதற்குள், தண்ணீர் ஆபீஸ் மூடிவிடும் என்று ஓடிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அனுப்பினேன்.

நாலு மாதத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூத்த சட்டத்தரணிகள் மூவர். இந்தப் பக்கம் ஒரு மூலையில் கதிர்காமநாதன், மறு மூலையில் பழனியம்மா, நடுவில் மொழிபெயர்க்க நான். தலைவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உறுதியும் கிடைத்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது. இனி உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னதும் பழனியம்மா எழுந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. என்னோடதத் தேடுறப்போ, ஐயா அலமாரியில இருந்து மத்தவங்க உறுதியெல்லாம் எடுத்து ஒண்ணொண்ணா கீழ வச்சாரு. எனக்கு வாசிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். முப்பத்தொண்ணு இருந்துச்சு. அவங்க வீட்டுக்கும் தண்ணி வரணுமுங்க."