பாதுகாவலர் கையெழுத்து

அவளை நான் முதலில் பார்த்தது எங்கள் சபை வளாகத்துக் குழாயடியில். ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பத்தொன்பது வயது இருக்கும். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டையில் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த கோடை அது. சபைச் செயலாளர் வேகமாக என்னிடம் வந்தார்.

"டீச்சர், நாங்க ஆம்பளைக சொன்னா நல்லாருக்காது. நீங்க போயி அந்தப் பிள்ளைய வெளிய போகச் சொல்லுங்க."

சொல்லத்தான் போனேன்.

"எந்த ஊரும்மா?"

"எந்த ஊருன்னு சொல்ல? தண்ணிதான் எடுத்தேன். வேற எதையும் தொடல," என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

அன்றைக்கு நான் ஆராதனைக்குப் போகவில்லை. குழாயடியிலேயே நின்று அவள் கதையைக் கேட்டேன். அம்மா, அப்பா இல்லை. பதினெட்டு வயதுவரை ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். வயது முடிந்ததும் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தி மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த இரண்டு அறை வீட்டில் இவளுக்கு இடமில்லை. ஸ்பின்னிங் மில்லில் வேலை கிடைத்தது. மில் ஹாஸ்டலில் இருந்து வெளியே போக வேண்டுமென்றால் பாதுகாவலர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக வேண்டும். ஐந்து மாதமாக யாரும் வரவில்லை. அவளும் வெளியே போகவில்லை. கடைசியில் வேலையை வைத்துக்கொண்டு ஹாஸ்டலை விட்டுவிட்டாள்.

"இப்ப எங்கதான் தங்குற?"

"கூட வேலை பாக்குறவுக வீட்டுல, மாத்தி மாத்தி. என்னைக்காச்சும் எல்லார் வீட்டுக்கும் விருந்தாளி வந்துருவாக. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு."

குழாய்க்குப் பத்தடி தள்ளி, முன்பு பள்ளிப் பிள்ளைகள் தங்கிப் படித்த எங்கள் பழைய போர்டிங் கட்டடம் பூட்டிக் கிடந்தது. எட்டு அறைகள். உடைந்த பெஞ்சுகளும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கான மூங்கில் சட்டங்களும் அங்கே சௌக்கியமாகக் குடியிருந்தன.

சபைப் போதகரான ஐயரிடம், அங்கே அவளுக்கு ஓர் அறை கேட்டேன். நல்லவர். கமிட்டியில் வைக்கலாம் என்றார். வைத்தார்கள். முதல் கூட்டத்தில், அவள் எந்தச் சபை என்று ஒருவர் கேட்டார். அவளிடமே கேட்டேன். "அம்மா இருந்தப்ப காளி கோயிலுக்குப் போவாக. நான் வளந்த ஹோமுல ஜெபம் பண்ணச் சொன்னாக. ரெண்டும் தெரியும்," என்றாள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். இரண்டாவது கூட்டம் முழுவதும் பெயர்ப்பலகைக்குப் போயிற்று. 'ஆதரவற்ற இளம்பெண்கள்' என்று போடுவதா, 'இளம்பெண்கள்' என்று மட்டும் போடுவதா? பலகையே வேண்டாம் என்றேன். அதை யாரும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவள் அப்போதும் வீடு மாற்றி வீடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கூட்டத்தில் விதிகள். அவர்கள் சொல்லச் சொல்ல, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான்தான் எழுதினேன். மொத்தம் பதினான்கு.

திறப்பு விழாவுக்குப் பந்தல், மைக், சால்வை எல்லாம் வந்தன. அவளை மேடைக்கு அழைத்து மாலை போட்டு, "அநாதையாய் அலைந்த இந்த மகளுக்கு" என்று செயலாளர் தொடங்கினார். அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ரூம்புதான கேட்டேன் டீச்சர்? மாலையா கேட்டேன்?"

"தப்புதான். அதுக்காக ரூம்ப விட்டுட்டுப் போவியா? இதுக்கு நான் எவ்வளவு அலைஞ்சிருக்கேன் தெரியுமா?"

அவள் விதிகள் இருந்த விண்ணப்பத் தாளை என் கையில் கொடுத்தாள். ஒன்பதாவது விதி: பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். பதினொன்றாவது விதி: மாலை ஆறு மணிக்குக் கேட் பூட்டப்படும். அவளுக்கு இரண்டாவது ஷிப்டு. மில் வேன் அவளை இறக்கிவிடவே பத்தரை ஆகும்.

"யாரும் இல்லாதவளுக்குன்னு கட்டடத்தத் தொறந்து, யாரையாச்சும் கூட்டிட்டு வான்னா எப்படி? இது ஒங்க கையெழுத்துதான?"

என் கையெழுத்துதான். எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. கமிட்டி மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி அப்போதுதான் என் பக்கம் திரும்பியது.

மறுநாள் மத்தியானம், அவள் வேலைக்குப் போகுமுன், மில் வேன் நிற்கும் டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தோம். பேனாவை அவளிடம் கொடுத்தேன். ஒன்பதை அடித்துவிட்டு, 'உடம்புக்கு முடியாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்' என்று எழுதினாள். பதினொன்றை அடித்து, 'ஷிப்டு முடிந்து வருபவர்களிடம் ஒரு சாவி இருக்கும்' என்றாள். கடைசியில் ஒன்றைச் சேர்த்தாள்: ஆதார் அட்டையில் போட இந்த முகவரியைத் தர வேண்டும்.

கமிட்டியில் அதை வாசித்ததும் செயலாளர் எழுந்துவிட்டார். "பொம்பளப் பிள்ளை கையில கேட்டுச் சாவியா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"பஸ் ஸ்டாண்டுல கிடந்தப்ப யாரு அண்ணாச்சி பதில் சொன்னது?" என்றேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. ஐயர் தொண்டையைச் செருமினார். முகவரி தரச் சம்மதித்தார்கள். பாதுகாவலர் கையெழுத்தை எடுத்தார்கள். சாவி மட்டும் வாட்ச்மேனிடம் இருக்கும், அவர் எழுந்து திறப்பார் என்றார்கள். வாட்ச்மேனுக்குக் காது சரியாகக் கேட்காது. அவள் குடிவந்த முதல் வாரம் இரண்டு முறை கேட்டுக்கு வெளியே நின்று எனக்குப் போன் செய்தாள். இரண்டு முறையும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் தட்டினேன். மூன்றாவது முறை நான் போகவில்லை. செயலாளரின் நம்பரை அவளுக்குக் கொடுத்தேன். மறுநாளே அவள் கைக்குச் சாவி வந்துவிட்டது.

அவளும் லேசான ஆள் இல்லை. ஆதார் மாற்ற நான் அரை நாள் லீவு போட்டு இ-சேவை மையத்தில் காத்திருந்தால், பந்தல்குடியில் தோழியின் தங்கைக்குச் சடங்கு என்று அவள் அங்கே போயிருந்தாள். போனையும் எடுக்கவில்லை. "மறந்துட்டேன் டீச்சர்," என்றாள் சாதாரணமாக. இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி லீவு போட்டேன்.

எட்டு மாதம் இருந்தாள். பிறகு கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு மில்லுக்குப் பக்கத்தில் வாடகை வீடு பிடித்துப் போய்விட்டாள். இப்போது போர்டிங் கட்டடத்தில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி மல்லாங்கிணறில் ஜவுளிக்கடைக்குப் போகிறாள், ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், இரண்டு பேர் மில்லுக்கு.

போன மாதம் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க முடிவு செய்தார்கள். இரண்டு நாளைக்கு அறைகளைக் காலி செய்ய வேண்டுமாம். எங்கே போவார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டே நாளுதான டீச்சர்? சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லுங்க," என்றார் செயலாளர்.

அவரிடம் மேற்கொண்டு பேச எனக்குத் தெம்பில்லை. நேராக வெளியே போய், வாளியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தவரிடம், பிள்ளைகளுக்குப் போக வேறு இடமில்லை என்றேன்.

"அப்ப ஒவ்வொரு ரூம்பா அடிக்கேன். காலியா கிடக்கிறத மொதல்ல முடிச்சிருவோம். இதுல என்ன இருக்கு?" என்றார் அவர்.