திருமதி ஹென்றிக்கு நாங்கள் போட்ட இனிஷியல்

வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் ஐயோவாதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் இருக்கிற ஐயோவா மாநிலம். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு பெண்கள், ஒரே ஒரு ஏசி. கீழே பாகு காய்ச்சினால் மேலே எங்களுக்குப் பசிக்கும். நான் கடம்பூரில் இருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவேன்.

வேலை இதுதான். ஐயோவாவில் ஒரு பழைய நூலகம். அந்த மாநிலத்துக்காரர்கள் எழுதிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் அங்கே ஒரு அட்டை உண்டு... யார் எழுதியது, எந்த ஊர் அச்சகத்தில் போட்டது, எந்த அலமாரியில் இருக்கிறது என்று. அந்த அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பார்த்து டைப் அடிக்க வேண்டும்.

அடிக்க அடிக்க அந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. அங்கேயும் கறுப்பு மண்தானாம், மக்காச்சோளம்தானாம். நூலகம் இல்லாத கிராமங்களுக்கு அந்தக் காலத்திலேயே மரப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கி ரயிலில் அனுப்புவார்களாம். ஊரே படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த பெட்டி வருமாம். எங்கள் கடம்பூர் ஸ்டேஷனில் போளிப் பொட்டலம்தானே ஏறும் என்று பெருமூச்சு விடுவேன்.

அப்பாவுக்கு நான் வேலைக்குப் போவதே பிடிக்கவில்லை. "ஆறு மாசம் பாப்பேன். எவன்கிட்டயாவது ஒரு சொல்லு கேட்டுட்டு வந்து நின்னேன்னா, அன்னையோட நிறுத்திரணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்றாவது மாதம் வந்தது வினை.

பெண்கள் எழுதிய புத்தகங்களின் அட்டைகளில் பாதிக்கு மேல் எழுத்தாளர் பெயர் 'திருமதி ஹென்றி ஆல்சன்' என்கிற மாதிரிதான் இருக்கும். புருஷன் பேர்! அவள் சொந்தப் பேர் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில், 'மேரி' என்று.

பக்கத்து சீட் ஜெயசீலி கேட்டாள், "ஏட்டி, இதுல எந்தப் பேர அடிக்க?"

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! "இதுல என்ன சந்தேகம்? கல்யாணம் ஆனா புருஷன் பேரு இனிஷியலு. எச். மேரின்னு போடு."

பன்னிரண்டு பேரும் என்னை நம்பி மூன்று வாரம் அப்படியே அடித்துத் தள்ளினோம்.

அங்கிருந்து மெயில் வந்தது. எங்கள் பெண் எழுத்தாளர்களில் பாதிப் பேரைக் காணோம், திருமதி ஹென்றி ஆல்சன் எங்கே போனார் என்று.

டீம் லீடர் முருகேசன் அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "உள்ளத உள்ளபடி அடிங்கன்னுதான சொன்னேன்? ஆர்டர் கேன்சலாயிட்டுன்னா எல்லாரும் வீட்டப் பாத்துப் போகவேண்டியதுதான். யாரு சொல்லி இப்படி அடிச்சிய?"

அப்பா முகம் கண் முன்னால் வந்து நின்றது. போச்சு, நாளையோடு ரயிலும் இல்லை, ஐயோவாவும் இல்லை...

"நான்தான் அண்ணாச்சி" என்று எழுந்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். அவரோ தன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். "நீதான சொன்ன? நீயே இங்கன உக்காந்து அவியளுக்கு வெவரமா எழுதிப் போடு." வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே என்னை அனுப்பியிருப்பார். அண்ணாச்சி, நீங்கள் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முதலில் அப்பா பெயர் ஒரு எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர் ஒரு எழுத்து. ஆனால் பெயர் எப்போதும் அவளுடையதுதான். தப்புக்கு மன்னியுங்கள், எல்லாவற்றையும் திருத்தித் தருகிறோம்... மெயில் ஐடி எடுக்கும்போது கேட்டார்களே என்று அப்பா பெயரையும் முழுசாகப் போட்டிருந்தேன். அதனால் மெயிலின் கீழே என் பேர் முத்துலட்சுமி கந்தசாமி என்று போனது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதல் மெயிலை அனுப்பிய நூலகத்து அம்மாவே பதில் போட்டிருந்தார். அட்டை எழுதிய நாளில் இருந்து ஓரத்திலேயே கிடந்த பெண்களை நீங்கள்தான் மேலே கொண்டுவந்திருக்கிறீர்கள். நீங்கள் அடித்த பெயர்களை எடுக்க வேண்டாம், அட்டையில் உள்ள பழைய பெயரைப் பக்கத்தில் சேர்த்தால் போதும் என்று. நான் அழுதே விட்டேன்.

"தப்பு பண்ணிட்டு பாராட்டு வாங்குத ஒரே ஆளு நீதாம்ட்டி" என்றாள் ஜெயசீலி.

அண்ணாச்சி அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் அப்பா எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படித்தார். 'டியர் மிஸ் கந்தசாமி'...

"ஏட்டி, இது எம்பேருல்லா?"

"ஆமாப்பா. அங்கன அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாவளாம்."

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். அதற்கப்புறம் ஆறு மாசக் கெடுவைப் பற்றி மனுஷன் வாயே திறக்கவில்லை.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. அட்டையை மிஷினே படித்துவிடுகிறது, யாரிடமும் சந்தேகம் கேட்பதில்லை. அப்பாவும் இல்லை. போன வாரம் போனில் அந்த நூலகத்து சைட்டைத் திறந்து மேரி ஆல்சன் என்று தேடினேன். இருக்கிறாள். ஹென்றி பக்கத்தில் சின்ன எழுத்தில் நிற்கிறார்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இனிஷியல் இன்னும் 'கே'தான். ஆதார் எடுத்தபோது, அப்பா இருந்த காலம் அது, வீட்டுக்காரர், "மாத்தலியா?" என்று கேட்டார்.

"அமெரிக்கா வரைக்கும் போன பேரு. மாத்தினா எங்க அப்பா டீக்கடையில என்ன பதில் சொல்லுவாவ?" என்றேன்.