தட்டு வேண்டாத சாப்பாடு

சித்திரை வெயிலுக்குப் பயந்து சேலத்துக்காரர்கள் எங்கள் மலைக்கு ஓடி வருவது வருஷா வருஷம் நடப்பதுதான். என் நாத்தனாரும், அதாவது என் கணவரின் அக்காவும், குடும்பத்தோடு வேனில் வந்துவிடுவார். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பாறை இருக்கிறது, சுற்றிலும் சில்வர் ஓக் நிழல். மதியச் சாப்பாடு அங்கேதான். போன வருஷம் மட்டும் அது நடக்கவில்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது.

கால் தேறியது, பேச்சும் தேறியது, கை தேறவில்லை. வீட்டில் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசைக் குழந்தை ஒன்று, "அந்தத் தாத்தா ஏன் பீச்சாங்கையில சாப்பிடறாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டது. இவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் வெளியாட்கள் முன்னால் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. விசேஷம் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். கொட்டச்சேட்டில் எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டராக இருந்து அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷன், ஒரு வாண்டின் கேள்விக்கு இப்படி ஒடுங்கிப்போனது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வருஷம் நாத்தனார் வருவதாகப் போன் வந்ததும், "நீ போயிட்டு வா, நா ஊட்டுலயே இருக்கறேன்" என்றார். அந்தப் பாறையில், எல்லார் முன்னாலும், இவரைச் சாப்பிட வைத்தே தீருவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

எந்தக் கையால் எடுத்தாலும் வித்தியாசம் தெரியாத பண்டமாக இருந்துவிட்டால், யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே பிசைகிற எதுவும் கூடாது. புளிச்சோறு, தக்காளிச்சோறு எல்லாம் தள்ளுபடி. தட்டே கூடாது. பாறைக்குப் போகிற ஷேர் ஜீப்பில் சிந்தக் கூடாது, வெயிலில் ஊசிப்போகவும் கூடாது. தேங்காய்ச் சட்னிக்கும் அத்தோடு கல்தா கொடுத்தேன்.

முதல் நாள் மதியம் அவர் படுத்ததும், வலது கையை முந்தானைக்குள் சொருகி இடுப்போடு இறுக்கிக்கொண்டு, சமையலறையில் ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தேன். வாழைப்பழத்தை உரிக்க முடியவில்லை. காம்பைப் பல்லால் கடித்து இழுத்ததில் பாதிப் பழம் தரையில் விழுந்தது. ஆரஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிபன் பாக்ஸ் மூடி அசைந்து கொடுக்கவில்லை. அடை உதிர்ந்து மடியில் கொட்டியது. கடைசியில் தேறியவை கொஞ்சம்தான்: உருளைக்கிழங்கு வதக்கலை வைத்துச் சுருட்டி, பாதிவரை வாழையிலை சுற்றிய சப்பாத்தி, சாமைப் பிடிகொழுக்கட்டை, உரித்த முட்டை, நறுக்கிய கொய்யா. உடனே நாத்தனாரைப் போனில் பிடித்து, "ஒண்ணும் கொண்டாராதீங்க அண்ணி, தட்டுகூட வேண்டாங்க" என்றேன்.

மறுநாள் காலை இவர் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வரேன்." ஏன் என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

பாறையில் என் திட்டம் அப்படியே பலித்தது. ஒருவர் வலது கையில் குடையும் இடது கையில் சப்பாத்தியுமாக நின்றார். இன்னொருவர் போனை விடாமல் இடது கையால் முட்டையை விழுங்கினார். இவர் இரண்டு சப்பாத்தியை உள்ளே தள்ளினார், ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் நாத்தனார் வேனிலிருந்து ஒரு தூக்குப்போசியை இறக்கினார். "வெயிலுக்குத் தயிர்ச்சோறு இல்லாம எப்பிடி கண்ணு? பால் ஊத்திப் பெசஞ்சிருக்கறேன், நொம்ப புளிக்காது."

நான் தள்ளுபடி செய்த பிசைந்த சோறே எதிரில் வந்து நின்றது. தட்டுத்தான் கிடையாதே, நான்தானே வேண்டாம் என்றேன். அதனால் அவர் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து, சோற்றை உருட்டி உருட்டி உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தார். வலது கைகள் வரிசையாக நீண்டன. எங்கள் முறை வந்ததும் நான் முந்திக்கொண்டேன். "அவருக்குப் போதுமுங்க அண்ணி, வயிறு நெறஞ்சிருச்சு."

"யாருக்கு நெறஞ்சுது?" என்றார் இவர். இடது கையை நீட்டினார். "வைங்கக்கா."

எல்லார் பார்வையும் அந்தக் கைமேல் விழுந்தது. நாத்தனாரும் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "இந்தா சாமி" என்று உருண்டையை வைத்து, கட்டைவிரலால் குழி செய்து அதில் ஒரு மாவடுத் துண்டை அழுத்தினார். தயிர் இவர் மணிக்கட்டில் வழிந்தது, நக்கிக்கொண்டார். மறுபடியும் நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் எரிச்சலும். இதற்கா அவ்வளவு பாடுபட்டேன்?

அவர்கள் வேனில் சேலத்துக்கு இறங்கிவிட்டார்கள். நாங்கள் ஷேர் ஜீப்பில் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்தோம். "இப்பிடி நீட்டறவரு, இத்தன நாளா ஏனுங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்: "நேத்து மத்தியானம் தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தேன். கைய முந்தானைக்குள்ள சொருகிக்கிட்டு வாழப்பழத்தோட மல்லுக்கட்டிட்டு இருந்த. உனக்கு இல்லாத வெக்கம் எனக்கெதுக்கு புள்ள?"

மடியில் கொய்யாத் துண்டுகள் மீந்திருந்தன. எதிரே முழங்கால் இடிக்க முன்பின் தெரியாத நாலு பேர். நான் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார்.