ஐந்து பத்துக்கு அணையும் மவுஸ்

சௌடப்பன் அண்ணன் போய்விட்டார் என்ற சேதி, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் போனில் வந்தது. கடையைக் கூட்டிப் பெருக்கும் அக்காதான் அழுதுகொண்டே சொன்னார். "கம்ப்யூட்டரு லைட்டு எரிஞ்சபடி இருக்கும்மா. அவுக கை மவுசு மேலயே இருக்கு."

அருப்புக்கோட்டையில் விசைத்தறிச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் போடும் எங்கள் கடைக்கு வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரியும். எங்களில் மூத்த டிசைனர். அதிகம் பேசமாட்டார். எனக்கு ரெட்டியபட்டி பஸ் ஐந்து இருபதுக்கு. வீட்டில் பால் குடிக்கும் பிள்ளை. முதலாளியோ ஐந்து மணிக்குத்தான், "இந்த ஒரு பூவ மட்டும் மாத்திருங்க" என்று வந்து நிற்பார். ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு, பால் கட்டி வலி தாளாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

மறுநாள் ஐந்து பத்துக்கு எங்கள் நான்கு பேர் கணினிகளிலும் மவுஸும் கீபோர்டும் அடங்கிவிட்டன. காலை ஒன்பதுக்குத் தாமாகவே வேலை செய்தன. தினமும் இதே கதை. அண்ணனுடையது மட்டும் நிற்காமல் ஓடியது. எலெக்ட்ரீஷியன் கையை விரித்தார். முதலாளி பூசணிக்காய் உடைத்தார். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அண்ணன், என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "ஏழே வரி புரோகிராமுதாம்மா எழுதிப் போட்டேன். நாம சொன்னா அவரு கேக்க மாட்டாரு. மெஷினு சொன்னாக் கேப்பாரு."

சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன். மிச்ச வேலையை யார் முடிக்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவர் போன அன்று அவர் கணினியில் கடைசியாகச் சேமித்திருந்தது, நான் பாதியில் விட்டுப்போன டிசைன். அதைப் பார்த்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

காரியம் முடிந்து கடை திறந்ததும், வேலை குவிந்துகிடக்கிறது என்று முதலாளி என்னை அவர் இடத்தில் உட்காரச் சொன்னார். மனசில்லாமல் உட்கார்ந்தேன். ஐந்து பத்துக்கு என் கைக்கு அடியில் மவுஸின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. அந்தக் கணினியில் நான் எதையும் எழுதவில்லை. மறுநாள் துருவித் துருவித் தேடினேன். அந்த ஏழு வரி அதில் எங்கேயும் இல்லை. ஆனாலும் தினமும் அணைகிறது. முதலாளி மறுபடி பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்பப் பார்த்தார். "வேண்டாங்கய்யா" என்றேன்.

மற்றக் கணினிகளிலிருந்த அந்த ஏழு வரியைத் தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். வெளிச்சம் அணைந்ததும் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, "வாங்கண்ணே, போவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.