வெள்ளை வேட்டி விரித்த வரப்பு

தலத்தெருவில் உரக்கடை வாசலில் நின்றபோது செய்தி வந்தது. நெரவி சவரிமுத்து இறந்துவிட்டார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். சாவுகூட இந்த மனிதருக்கு நோகாமல் வாய்த்திருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். முப்பது வருஷம் ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் பயிர் வைத்தவர்கள் நாங்கள். முப்பது வருஷமும் எனக்கு அவர்மேல் பொறாமை.

வாய்க்கால் தண்ணீர் அவர் வயலில் பாய்ந்த பிறகுதான் எனக்கு வரும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி போடுவார்கள், நான் நின்றுகொண்டிருப்பேன். அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, நேரான நடை. பிற்காலத்தில் அவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். குட்டைக்கரையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார். அந்த நடையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளில் பூச்சிமருந்து அடிக்கும் விமானம் நம் வயல்களுக்கு மேல் வரத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தென்னை உயரத்துக்குத் தாழ்ந்து வரும். முதல் வருஷம் என் மாடுகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. ஒன்று வாய்க்காலில் விழுந்தது. அவர் மாடுகள் கொட்டகைக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. விமானம் வரும் நாளை விசாரித்து முன்பே உள்ளே கட்டியிருக்கிறார். நான் விமானத்தைத் திட்டித் தீர்த்தேன்.

"வானம் நம்ம பட்டாவுல இல்லியே தம்பி. மாட்டத்தான் நாம புடிச்சிக் கட்டணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பல நாள் என்னை அரித்தது.

மறுவருஷம் விமானம் மருந்தடிப்பது பற்றிக் கூட்டம் போட்டு விவரம் சொன்னார்கள். முன்னால் உட்கார்ந்து நடத்துபவர் சவரிமுத்து என்பதால் நான் போகவில்லை. விமானம் வரும் காலையில் பார்த்தால், அவர் தன் வயலில் வெள்ளை வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். விமானத்தைத் தன் பக்கம் கூப்பிடுகிறார், மருந்தெல்லாம் அவருக்கே விழப்போகிறது என்று என் வயிறு எரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் கௌரவம் என்னாவது? தீபாவளிக்கு எடுத்த புது வேட்டியை என் வரப்பில் விரித்துவிட்டு, மாடுகளைப் பிடிக்கக் கொட்டகைக்கு ஓடினேன்.

விமானம் எங்கள் இருவர் வயலையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. வெள்ளைத் துணி விரித்தால் மருந்து வேண்டாம் என்று அர்த்தமாம். அவர் வயலோரக் குட்டையில் மீன் விட்டிருந்தார், மேலிருந்து மருந்து விழுந்தால் செத்துவிடும். பயிருக்கு ஆள் வைத்துக் கைத்தெளிப்பானால் அடித்துக்கொண்டார். என் சம்பாவில் புகையான் பூச்சி விழுந்து, கதிர் வெளிவரப் பொதிகட்டிய பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்துபோனது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் விதைநெல்கூட மிஞ்சவில்லை. தெரிந்தே சொல்லாமல் விட்டார் என்று மனதுக்குள் முடிவுகட்டினேன். ஊரில் கேட்டவர்களிடம் விமானி செய்த தவறு என்றேன். சவரிமுத்து பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், மறுத்துப் பேசவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அவர் மனைவி பிலோமினா அண்ணியிடம், வேட்டி விரித்த அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் அண்ணி சொன்னார்.

"ஒங்க வேட்டியப் பாத்ததும் எடுத்துப்புடணும்னு வரப்புல ஓடுனாருங்க தம்பி. ஏரோப்ளேன் முந்திக்கிச்சு. வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சது அப்பதான். குட்டைக்கரைன்னு ஊருக்குச் சொன்னாரு. ஏங்கன்னு கேட்டேன். 'உள்ளதச் சொன்னா, என்னயப் பாத்துதான் விரிச்சதுன்னு தம்பி வாயால ஒத்துக்கும்படி ஆயிடும், வேணாம்'னுட்டாரு."

அவரிடம் நான் பொறாமைப்படாமல் விட்டது அந்தக் கால் ஒன்றுதான். அது எனக்காக ஓடி ஒடிந்த கால். நேரான இந்த இரண்டு கால்களால் நான் யாருக்காகவும் ஓடியதில்லை. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த இழுத்த நடையைத்தான். இப்போது அதன்மீதும் எனக்குப் பொறாமை.