கயிறு இழுத்த சவரியப்பன்

மைசூரில் தமிழ் ஆட்கள் கூடும் ஒரு கோவிலில், பதினாறு வருஷமாக ஏசுநாதரை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தவர் சவரியப்பன். இப்படிச் சொன்னால் பங்குச்சாமியார் கோபித்துக்கொள்வார். ஆனால் கோவில் செக்ரட்டரி சுரேந்தர் முதல் வாசலில் பூ விற்கிற பசம்மா வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஈஸ்டருக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, "இந்த வருஷமும் நீங்கதானே எழுப்புறது?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்கள்.

கோவில் ஒன்று, பாஷை மூன்று. ஈஸ்டருக்குச் சனிக்கிழமை ராத்திரிப் பூசை கன்னடத்துக்கு. ஞாயிறு காலை எட்டு மணி இங்கிலீஷுக்கு. இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த விடியற்காலை நாலரை மணி தமிழுக்கு. ஆனாலும் தமிழ்க்காரர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டிய கல்லறைக் குகை. குகைக்குள் ஒரு பலகை, பலகையில் ஏசுநாதர் சிலை. மகிமைப் பாட்டுக்கு மணி அடித்ததும் விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும், சிலை குகையிலிருந்து மெல்ல மேலே எழும்பும். குகையை ஒட்டி ஒரு நீலத் திரை. திரைக்குப் பின்னால் கப்பியும் கயிறும் சவரியப்பனும்.

சவரியப்பனுக்கு ஊர் ஹனூர்ப் பக்கம். பிழைப்பு மைசூரில். புதிது புதிதாக எழும்பும் மாடிக் கட்டடங்களில் கலவையை மேலே ஏற்றும் விஞ்ச் ஓட்டுகிறவர். தூக்குகிற வேலை என்றால் அவருக்குக் கை தானாகவே போகும். அதனால்தான் எண்பதாம் வருஷம், முந்தைய ஆள் சிலையைப் பாதியில் விட்டு அது தடாலென்று திரும்பக் கல்லறைக்குள் போய்விட்ட அவமானத்துக்குப் பிறகு, இவரைக் கூப்பிட்டார்கள். பத்து நீளப் பிடி, ஆட்டம் இல்லாமல், சிலை நெட்டுக்குத்தாக வந்து நிற்கும். கை தட்டலாமா என்று சில பேருக்குத் தோன்றும், கோவிலாயிற்றே என்று அடக்கிக்கொள்வார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் தவக்காலம் தொடங்கும் முன்பு அவருடைய ஒரே மகள் ரூபா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பதினோரு வயது. அதற்குப் பிறகு சவரியப்பன் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை, சாமியைத் திட்டவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். அழவும் இல்லை. கயிற்றுக்கு மட்டும் வருவேன் என்று சுரேந்தரிடம் சொல்லிவிட்டார். வந்தார், இழுத்தார், முடிச்சுப் போட்டார், பக்கவாட்டுக் கதவு வழியாக வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவி லீலா மேரி அப்படியில்லை. ஞாயிறு தவறாமல் போனாள். அதிலும் ஈஸ்டர் பூசை முடிந்து வரும்போது அவள் முகமே வேறாக இருக்கும். கண் சிவந்திருக்கும், ஆனால் நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். ரூபாவின் போட்டோவுக்கு மல்லிகை வைப்பாள். கறி கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுப்பாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அந்த வீட்டில் பாட்டு கேட்கும்.

இதுதான் சவரியப்பனைக் குடைந்தது. அங்கே என்ன இருக்கிறதென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மாவும் காகிதமும் சேர்த்துச் செய்த சிலை. இரண்டு மரச்சட்டம். கிரீஸ் போட்ட கப்பி. மஞ்சள் பெயிண்ட் அடித்த பல்பு நாலு. இதில் எதைப் பார்த்து இவளுக்கு மனசு ஆறுகிறது? அது தனக்கும் ஆறுமா? பின்னால் இருந்து பார்த்தால் சிலையின் முதுகில் அடித்த ஆணிதான் தெரிகிறது. ஒருவேளை முன்னால் இருந்து பார்த்தால்தான் அது கிடைக்குமோ என்று அவருக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்று ஆறாம் வருஷம், தவக்காலம் தொடங்கும் புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு லீலா கோவிலிலிருந்து வந்ததும், கேட்டே விட்டார்.

"ஏம்புள்ள, ஈஸ்டர் பூசையில நீ என்னத்தப் பாக்குற?"

லீலா திடுக்கிட்டெல்லாம் போகவில்லை. சாதத்தை வடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"சொன்னா நம்ப மாட்டீங்க. ஒருக்கா வந்து உக்காந்து பாருங்க."

"நா உக்காந்தா கயித்த உன்ற அப்பனா இழுப்பாரு?"

"நா இழுக்கறனுங்."

சவரியப்பன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆகவே அவரும் நிறுத்திக்கொண்டார்.

சேதி சுரேந்தரிடம் போனதும் மனுஷன் குதித்தார். "பொம்பளைங்கள திரைக்குப் பின்னாடி விட்டா கமிட்டில என்ன சொல்வாங்க? சும்னே வம்பு சார் இது!" விஷயம் பங்குச்சாமியார் வரைக்கும் போனது. புதிதாக வந்த இளவயசுச் சாமியார். காப்பி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"செக்ரட்டரி, அன்னிக்கு ஏசுநாதர் கல்லறைக்கு மொதல்ல போனது யாரு?"

சுரேந்தர் யோசித்தார். "பொம்பளைங்கதான் ஃபாதர்."

"ஆம்பிளைங்க எங்க இருந்தாங்க?"

"கதவ சாத்திட்டு வீட்டுக்குள்ள."

"ஆய்த்து, போங்க," என்றார் சாமியார்.

பயிற்சி வீட்டின் பின்பக்கம் நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போன இரும்புக் குழாயில் கப்பியைக் கட்டி, ஒரு சாக்கு மணலைத் தொங்கவிட்டார். "கைய மேல எட்டிப் புடி. குதிகாலத் தூக்கு. இப்ப ஒடம்போட கீழ வா. கையால இழுக்காத, ஒடம்பால இழு." முதல் நாள் சாக்கு தொட்டிக்குள் விழுந்து இருவரும் நனைந்தார்கள். பக்கத்து வீட்டு லிங்கம்மா மதில் வழியாக எட்டிப் பார்த்து என்ன நடக்கிறதென்று கன்னடத்தில் கேட்டாள். தண்ணீர் இறைக்கப் பழகுகிறேன் என்று லீலா கன்னடத்தில் பதில் சொன்னாள். அந்தத் தெருவில் கிணறே கிடையாது. லிங்கம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்பது நாளில் லீலா தேறிவிட்டாள். ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனியன்று அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பெஞ்சில உக்காராதீங்க. நா உக்காருற எடத்துலயே உக்காருங்க. முன்னால, எடது தூணுக்குப் பக்கத்துல, கீழ."

அது கைக்குழந்தைக்காரப் பெண்கள் உட்காரும் இடம். ஜமக்காளம் விரித்திருக்கும். விடியற்காலை நாலரைக்கு, சலவை வேட்டியும் மீசையுமாக ஐம்பத்திரண்டு வயது ஆள் அங்கே போய்ச் சம்மணம் போட்டதும், பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு குழந்தை அவர் மடியில் ஏறி, சட்டைப் பித்தானைத் திருக ஆரம்பித்தது. அவர் விட்டுவிட்டார்.

வாசகங்கள் தொடங்கின. பதினாறு வருஷத்தில் சவரியப்பன் இவற்றை ஒழுங்காகக் கேட்டதே இல்லை. பின்னால் கப்பியைத் தடவுவதிலேயே போய்விடும். செங்கடல் பிளந்த கதை வந்தபோது அவர் காது கூர்மையானது. அத்தனை ஆயிரம் பேர் ஒரே ராத்திரியில் கடந்தார்கள் என்றால் பாதை எவ்வளவு அகலம் இருந்திருக்கும்? ஈர மணலில் வண்டிச் சக்கரம் எப்படி இறங்காமல் போனது? பூசை முடிந்ததும் சாமியாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கேட்க நினைத்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. பாட்டு எழும்பியது. சவரியப்பன் நிமிர்ந்தார்.

குகைக்கு மேலே சிலையின் தலை தெரிந்தது. முதல் பிடி சரி. இரண்டாவது சரி. மூன்றில் லேசாக இடது பக்கம் ஆடியது, அவர் கை தானாக மூடிக்கொண்டது. நாலு, ஐந்து. ஏசுநாதர் நெஞ்சு வரைக்கும் வந்து நின்றுவிட்டார். அதற்கு மேல் அசையவில்லை. பாட்டு போய்க்கொண்டிருந்தது, சிலை நின்றுகொண்டிருந்தது. அவர் பாதி எழுந்துவிட்டார். கயிறு சட்டத்தில் சிக்கியதா, அவள் கை வழுக்கியதா என்று கண் திரைப்பக்கம் ஓடியது.

திரை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் இடைவெளி இருந்தது. பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. தூணுக்குப் பக்கத்தில், தரையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த ஒரு சாணில், பின்னால் எரிந்த விளக்கு வெளிச்சத்தில், இரண்டு பாதம் தெரிந்தது. வெடித்த குதிகால். வெள்ளி மெட்டி. இரண்டும் தரையில் அசையாமல் ஊன்றியிருந்தன. அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று அவருக்குப் புரிந்தது.

பிறகு அந்தக் குதிகால்கள் எழும்பின. விரல் நுனியில் நின்று, மேலே எட்டி, கீழே இறங்கின. மறுபடி எழும்பின. மறுபடி இறங்கின.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் ரூபாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கால்கள் அவை. அடக்கத்துக்கு மறுநாள் காலையில் எழுந்து அடுப்புக்குப் போன கால்கள். இவளுக்கு எங்கிருந்தோ ஆறுதல் சும்மா கிடைக்கிறது என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாரே, அது எவ்வளவு பெரிய தப்பு. ஒவ்வொரு நாளையும் அவள் இப்படித்தான் தூக்கியிருக்கிறாள். சவரியப்பன் அழுதார். மடியில் இருந்த குழந்தை பித்தானை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. மகள் போனபோது வராத அழுகை, வேட்டி நனைகிற அளவுக்கு வந்தது, அவரும் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. சுரேந்தர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில நெட்டா வந்து நின்னுச்சு பாத்தீங்களா! முன்னாடி இருந்து எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"நா பாக்கலீங்," என்றார் சவரியப்பன்.

சுரேந்தர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். இதைப் பார்க்கத்தானே இத்தனை ரகளையும்?

வீட்டுக்கு நடக்கும்போது லீலா உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தாள். கயிறு தோலை உரித்திருந்தது. தெருமுனை திரும்பினார்கள்.

"திரைக்கடியில எங் காலத்தான பாத்தீங்க?" என்றாள்.

சவரியப்பன் நின்றுவிட்டார்.

"ஏழு வருசமா நானும் அதத்தான் பாத்தேன். செல எழும்பி வர்றத நான் ஒருக்காகூட பாத்ததில்லீங். புள்ள போனதுக்கப்புறம் நீங்க எதுக்குமே அசையல. கல்லாட்டம் வேலைக்குப் போனீங்க, கல்லாட்டம் வந்தீங்க. அந்த ஒரு நா மட்டும் உங்க குதிகாலு எந்திரிக்கும். அப்பாடா, எம்மனுசன் இன்னும் உசுரோடதான் இருக்காருன்னு வீட்டுக்கு வருவேன்."

அவர் அவள் கையை வாங்கி, உரிந்த இடத்தைப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்தார். அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டார்.

"அடுத்த வருசம் யாரு இழுக்கறது?"

"நீங்க இழுங்க," என்றாள் லீலா. "எனக்குப் பாக்கோணும்."