தையல் அறைக்குக் கீழே

மூடியிருக்கும் எதைக் கண்டாலும் டெய்லரக்காவுக்குக் கை சும்மா இருக்காது. தையல் மிஷின், சுவர்க் கடிகாரம், மிக்ஸி என்று வீட்டில் அவள் கழற்றிப் பார்க்காத பொருளே இல்லை. ஆனால் கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் நாற்பத்தாறு வயதுவரை யோசித்ததில்லை. நகராட்சி நோட்டீஸ்தான் யோசிக்க வைத்தது. புது விதிப்படி எல்லா வீட்டு செப்டிக் டேங்கையும் சோதித்துச் சான்றிதழ் தருவார்களாம். வியாழக்கிழமைக்குள் டேங்கின் மூடி வெளியே தெரிய வேண்டும். நீங்களே திறக்கக் கூடாது, விஷவாயு இருக்கும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"நம்ம டேங்க் எங்கங்க இருக்கு?"

பஸ் ஓட்டும் கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "எங்கயாவது கீழதான் இருக்கும்."

"பின்ன மாடியிலயா இருக்கும்? நல்லா சொன்னீங்க போங்க."

அவர் கிளம்பியதும் இஞ்ச் டேப்பும் இரும்புக் கம்பியுமாகக் கொல்லைக்குப் போனாள். கழிப்பறைச் சுவரோரம் மண்ணைக் கிளறியதும் குழாய் தட்டுப்பட்டது. அது போகும் திசையில் அடிக்கு ஒரு தரம் கம்பியால் குத்திக்கொண்டே நடந்தாள். குழாய் நேராக அவளுடைய தையல் அறைக்கு அடியில் போய் நுழைந்தது.

எட்டு வருஷத்துக்கு முன் அந்த அறையைக் கட்டிய கொத்தனாருக்குப் போன் போட்டாள். "அண்ணே, ரூம் கட்டும்போது கீழ ஏதாவது இருந்துச்சா?"

"ஒரு சிமெண்ட் பலகை இருந்துச்சும்மா. நல்லா கெட்டியா இருக்கேன்னு அதுமேலயே தரையைப் போட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அன்னிக்கே தோண்டிப் பாத்திருப்பீங்க."

மறுநாள் கொத்தனாரே வந்தார். கத்தரிக்கோலின் பிடியால் தரையைத் தட்டித் தட்டி, துணி வெட்டும் மேஜைக்கடியில் ஓசை மாறும் இடத்தை அவள் காட்ட, அவர் நாலு டைல்ஸை உடைத்தார். இரும்பு வளையத்தோடு மூடி தெரிந்தது. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தொடவில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஜன்னல் கதவையெல்லாம் திறந்துவைத்து, எல்லோரையும் வெளியே நிறுத்தினார். முகமூடி அணிந்து, மூடியை நகர்த்தி, வெள்ளைத் துணி சுற்றிய நீளக் கழியை உள்ளே இறக்கினார்.

"அந்தத் துணி எதுக்கு சார்?" என்றாள் ஜன்னல் வழியாக.

"அடியில கசடு எவ்வளவு உயரம் நிக்குதுன்னு கறை காட்டும். தலையை நீட்டாதீங்கம்மா."

கழி வெளியே வந்தது. "ரெண்டடி நாலு அங்குலம்," என்றாள் பார்த்ததுமே.

அவர் அளந்து பார்த்தார். அதேதான். "எப்படிம்மா?"

"எத்தனை பாவாடை தைச்சிருப்பேன்!"

அன்று சான்றிதழ் கிடைக்கவில்லை. கசடு அதிகம், வாயு வெளியேறும் காற்றுக் குழாயை அறை கட்டும்போதே கொத்தனார் வெட்டியிருந்தார். சரிசெய்ய ஒரு மாத அவகாசம். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. டேங்கின் உள்பக்கம் எப்படியிருக்கும் என்று துணி வெட்டும் காகிதத்தின் பின்புறம் ஆய்வாளரை வரையச் சொன்னாள். முதல் அறையில் கசடு தங்கும், தெளிந்த நீர் இரண்டாவதற்குப் போகும், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கு என்று வரைந்து காட்டினார்.

"அதுக்கப்புறம் மண்ணுக்குள்ள என்ன ஆகும் சார்?"

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லாரி வந்து கசடை எடுத்தது, புதுக் காற்றுக் குழாய் கூரைக்கு மேலே ஏறியது. மறுமுறை வந்த ஆய்வாளர் சான்றிதழோடு தன் பயிற்சிப் புத்தகத்தையும் நீட்டினார். "எல்லாம் இதுல இருக்கு. இனிமே போன் பண்ணாதீங்கம்மா."

மூன்றாம் நாள் பண்ணினாள். அறுபத்து மூன்றாம் பக்கம் புரியவில்லை.